மாட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மலையேறுங்கள்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும், ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தை நடத்திவரும் அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை முன்பதிவு செய்து நடக்கலாம் என்று நீங்கள் அறிவித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். நான் போடிப் பக்கத்துக்காரன். குரங்கணி என்றால் ஊர் உலகத்துக்கு 2018 மார்ச் 11-ஆம் தேதிக் காட்டுத்தீயும் அதில் கருகிப்போன 23 உயிர்களும்தான் ஞாபகம் வரும் என்று ஆகிவிட்டிருந்த நிலையில், குரங்கணி – சாம்பலாறு பாதையும் உங்கள் பட்டியலில் இருந்ததைப் பார்த்து, சரி, இனிமேல் முறையான அனுமதியோடு, வழிகாட்டியோடு, தீக்காலத்தில் பாதையை மூடிவைத்து, ஒழுங்காக நடக்கும் என்று நம்பிக்கை வந்தது. மலையடிவார ஊர்ப் பிள்ளைகளையும் பழங்குடிப் பிள்ளைகளையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறீர்கள், அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மடல் குறை சொல்வதற்காக இல்லை. ஒரு கூட்டத்தை விட்டுவிட்டீர்கள், அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக எழுதுகிறேன். மலையில் மாடு மேய்க்கிறவர்களைச் சொல்கிறேன்.

நீங்கள் இன்று கூட்டிக்கொண்டு போகும் பாதைகளில் பல எப்படி வந்தன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்க மலைகளில் காலால் போட்ட தடம் என்றால் ஒன்று முதுவர் பழங்குடியினர் போட்டது, இன்னொன்று பொதி சுமந்த மாடும் கோவேறு கழுதையும் போட்டது, மற்றது மேய்ச்சலுக்குப் போன மாடு போட்டது. மேலே மலை உச்சியில் இருக்கிற டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கீழே இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவந்த மலை ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, பிறகு அந்தக் காலமும் முடிந்துபோயிற்று. ஆனால் மாட்டுத்தடம் முடியவில்லை. மாடு செங்குத்தாக ஏறாது, வளைந்து வளைந்து சரிவை வெட்டித்தான் ஏறும், உச்சிவெயிலுக்கு எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும், மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சமதளம் இருக்கும். மலையேற வருகிற ஆளுக்கும் இதைவிட நல்ல பாதையை எந்தப் பொறியாளரும் போட்டுத்தர முடியாது. அந்தத் தடத்தில் மாடு போவது நின்றால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உண்ணிச்செடி வந்து மூடிவிடும், அப்புறம் ஆள் வைத்து வெட்டித்தான் திறக்க வேண்டும்.

தேனி மாவட்டத்தில் மலைமாடு வைத்திருக்கிறவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதையில் நடக்கிற பல பேருக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருப்பதே தெரியாது. இந்த மாடுகள் தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்கிறவை இல்லை. கூட்டமாக மலைக்கு ஏறும், புல் இருக்கும் வரை மேலேயே பட்டியில் அடையும், அறுப்பு முடிந்த காலத்தில் கீழே இறங்கி வயல்களில் கிடை போடும். ஒரு ராத்திரிக் கிடைக்குக் கிடைக்கிற சாணமும் கோமியமும் அந்த வயலுக்கு அடுத்த போகத்துக்கான உரம், அதற்கு வயல்காரர் கூலி கொடுப்பார். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று நந்தகோபாலசாமி பெயரில் ஒரு கோயிலே இருக்கிறது, மாட்டுப்பொங்கல் அன்று அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால்தான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாடு என்றால் என்ன என்று புரியும். 2017 தை மாதத்தில் மெரினாவிலும் தமுக்கத்திலும் ராப்பகலாக நின்றோமே, அந்த வாடிவாசலில் பாய்கிற காளைகளில் எத்தனையோ இந்த மலையில் புல் தின்ற பசு ஈன்றவை. காளைக்காக நின்ற நாம் அதன் தாய் மேயும் இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த இடத்தின் நிலைமைக்கு வருகிறேன். 1882-ஆம் வருட மெட்ராஸ் வனச் சட்டம் வந்த காலத்திலிருந்தே காப்புக்காட்டில் மேய்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆயிற்று. கட்டினார்கள், மேய்த்தார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மேகமலை தொடர்பான வழக்கில், முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. அதற்கு முந்தைய வருடம்தான் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி கடைசியில் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் வந்தது, பர்கூர் மலையில் செம்மாடு வைத்துப் பட்டி போட்டு வாழ்கிற லிங்காயத்து மக்களும் சோளகர் பழங்குடியினரும் இனி எங்கள் மாடு எங்கே போகும் என்று கேட்டார்கள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போய் ஒரு பர்கூர் மாட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம் 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு, ஓரிடத்தில் தங்கி மேய்ப்பதையும், பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பதையும் சமூக உரிமைகளில் ஒன்றாகத் தெளிவாகவே சொல்கிறது. சட்டத்தில் எழுதியிருக்கிறது, மலையில் நடக்கவில்லை. சாதாரண ஆள் பார்வையில் இது எப்படித் தெரிகிறது என்றால், காலம் காலமாக மாட்டை ஓட்டிப்போனவர் அதே தடத்தில் நின்றால் அத்துமீறல், சென்னையிலிருந்து பணம் கட்டி வந்தவர் நடந்தால் இயற்கைச் சுற்றுலா. இந்த இரண்டையும் ஒரே துறைதான் பார்த்துக்கொள்கிறது என்பதால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

காட்டைப் பார்த்துக்கொள்கிற உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். மாடு மூலம் கோமாரி போன்ற நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் போகலாம். ஒரே சரிவில் அளவுக்கு மீறி மேய்ந்தால் மண் போய்விடும். புதுப்புல் முளைக்கட்டும் என்று தீ வைக்கிற பழக்கம் சில பேரிடம் இருந்ததும் உண்மைதான், குரங்கணிக்குப் பிறகு அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. மாட்டுக்கு ஊரிலேயே தடுப்பூசி போட முடியும், எந்தச் சரிவில் எந்த மாதம் எத்தனை மாடு என்று பட்டிக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய முடியும், தீ விஷயத்தில் அவர்களையே காவலாக வைக்க முடியும். மேயாமல் விட்ட சரிவில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கிற புல்லுக்கு நடுவே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பொறி விழுந்தால் ஓட இடம் இருக்காது. மேய்ந்த தடமாவது கொஞ்சம் வெறும் மண்ணாக இருக்கும். 2018-இல் அந்தச் சாயங்காலம் முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள், எந்தப் பள்ளத்தில் எப்படி இறங்கலாம் என்று தெரிந்தவர்கள். அந்தத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

நீலகிரியிலும் இதே கதைதான், வேறு மாட்டோடு. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்தி வரை ஒரு பாதை வைத்திருக்கிறீர்கள், அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கு ஒன்று. அந்தப் பக்கமெல்லாம் தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளி. அவர்களுக்கு முக்குருத்தி வெறும் சிகரம் இல்லை, இறந்தவர்கள் போகும் உலகத்துக்கான வழி அந்தத் திசையில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் விடாமல், அந்தப் புல்வெளியில் சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரமும் பைனும் நட்டார்கள், புல்வெளி வெற்று நிலம் என்று நினைத்ததுதான் காரணம். இன்று அதே சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்க வனத்துறையே செலவு செய்கிறது. மேய்ச்சல் நிலத்தை வெற்று நிலமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். அங்கே நடக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் புறப்படும் முன் ஒரு தோடர் பத்து நிமிடம் பேசினால், பார்க்கிற மலையே வேறு மாதிரி தெரியும்.

சரி, என்னதான் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். முதலாவது, வழிகாட்டிகளில் மாடு மேய்த்தவர்களைச் சேருங்கள். வயது, படிப்பு, சான்றிதழ் என்று எந்த அளவுகோல் வைத்தாலும் அறுபது வயது மேய்ச்சக்காரர் அதில் தேற மாட்டார், ஆனால் மலையில் அவரைப் போல் தேறினவர் கிடையாது. இளவயது வழிகாட்டி முதலுதவிப் பெட்டியும் வாக்கி-டாக்கியும் வைத்துக்கொள்ளட்டும், கூடவே ஒரு மேய்ச்சக்காரர் நாள் கூலிக்கு வரட்டும். யானை போன தடமா, நேற்றா இன்றா, கரடி பழம் தின்ன வரும் மாதமா, செந்நாய் சுற்றுகிறதா என்று அவர் சாணத்தையும் ஒடிந்த கிளையையும் பார்த்தே சொல்லிவிடுவார். மாடு ஒரு இடத்தில் தலையைத் தூக்கிக் காதை முன்னால் வைத்து நின்றால் நாமும் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் ஈடாகாது. கொடுக்கிற கூலியும் இளவயது வழிகாட்டிக்குக் கொடுப்பதற்குக் குறையக் கூடாது, ‘பெரியவர் சும்மா கூட வருகிறார்’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிற வேலையாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

அடுத்தது பாதையில் யாருக்கு முன்னுரிமை என்பது. ஸ்பெயின் நாட்டில் ஆட்டு மந்தைகள் வடக்கும் தெற்குமாகப் போய்வந்த பழைய தடங்களைக் காப்பதற்கென்றே 1995-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தத் தடங்களில் நடக்கலாம், மலையேற்றக்காரர்களும் போகலாம், ஆனால் மந்தை வந்தால் மந்தைக்குத்தான் முதல் வழி என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தலைநகர் மாட்ரிட்டின் நடுத்தெரு வழியாக வருடத்துக்கு ஒருமுறை ஆடுகளை ஓட்டிப்போய் அந்த உரிமையைக் கொண்டாடுகிறார்கள். ஒரே தடத்தில் மாடும் நடக்கலாம், சுற்றுலாக்காரரும் நடக்கலாம் என்பதற்கு இது நடைமுறையில் இருக்கிற சாட்சி. அதற்கு மாறாக, உத்தரகாண்டில் புக்கியால் என்கிற உயரப் புல்வெளிகளில் கூடாரக் கூட்டம் அளவு மீறிப்போய், 2018-இல் உயர் நீதிமன்றமே ராத் தங்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. மேய்கிற மாட்டை மட்டும் எண்ணி, நடக்கிற காலை எண்ணாமல் விட்டால் அங்கே போய்த்தான் நிற்போம்.

நடக்க வருகிறவர்களுக்கும் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும், இதைப் புறப்படும் இடத்திலேயே சொல்லலாம். மலைமாடு வீட்டுமாடு மாதிரி இல்லை, கன்று போட்ட பசு முன்பின் தெரியாத ஆளைப் பாய்ந்து முட்டும். கன்றோடு செல்ஃபி எடுக்கப் போகக் கூடாது. மந்தை எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் ஒரு மாடு இடித்தாலே கீழே போய்விடுவீர்கள். குடையைப் பட்டென்று விரிக்கக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, பட்டிக்குப் போட்டிருக்கிற முள்வேலியைத் திறந்தால் மறுபடி மூட வேண்டும். எல்லாவற்றையும்விட, சாப்பிட்ட பொட்டலத்தைப் போட்டுவிட்டு வரவே கூடாது. புளிசாதம் கட்டிய பாலித்தீன் பையில் உப்பு ருசி இருக்கும், மாடு அப்படியே விழுங்கும், வயிற்றில் உருண்டு அடைத்துக்கொள்ளும். அந்த மாடு சாவது நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து பல நாள் கழித்துத்தான், அதனால் யாருக்கும் தான் செய்தது என்று தெரியாது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதியில் நிற்கும். மலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து இறங்கி வருகிறவன் கொட்டகுடி ஆற்றைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றத்தான் செய்வான். அந்தத் தண்ணீரில் ஒரு முங்கு போட்டால் காலில் இருந்த வலியெல்லாம் போகும். அந்தச் சுகத்தை யாருக்கும் மறுக்க வேண்டும் என்று எனக்கு மனசு வராது. இறங்காதே என்று பலகை வைப்பது சுலபம், ஆனால் பலகை இருக்கும் இடத்திலிருந்து நூறடி தள்ளிப் போய், ஆள் பார்வை இல்லாத, ஆழம் தெரியாத இடத்தில் இறங்குவார்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றில் போன உயிர்கள் பலவும் அப்படி இடம் தெரியாமல் இறங்கிப் போனவைதான்.

எங்கே இறங்கலாம் என்று மாட்டுக்காரரைக் கேளுங்கள். மாடு தண்ணீர் குடிக்கவும் கடக்கவும் பழகிய துறை எப்போதும் சரிவு குறைந்த, மணலும் சிறு கல்லும் படிந்த இடமாகத்தான் இருக்கும். பாறைக்கு அடியில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் நிற்கிறது என்றால் அது கசம், மேலே அமைதியாக இருக்கும், அடியில் குடைந்து வைத்திருக்கும், உள்ளே இழுத்துக்கொண்டால் பாறை இடுக்கில் சொருகிவிடும். பாசி பிடித்த பாறையில் நின்று குதிப்பதுதான் இளவட்டப் பயல்கள் செய்கிற பெரிய தவறு, போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் வெள்ளம் கல்லை உருட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வெயிலில் சூடேறின உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று பாயக் கூடாது, மூச்சடைக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் கை கால் இழுத்துக்கொள்ளும்.

இதில் மிக முக்கியமானது காட்டாற்று வெள்ளம். கீழே போடியில் வெயில் கொளுத்தும், குரங்கணியில் தூறல்கூட இருக்காது, ஆனால் மேலே டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைப் பக்கம் கருக்கிக்கொண்டு கொட்டியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். மேய்ச்சக்காரர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் கண் மேலே மலை முகட்டில்தான் இருக்கும். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் கனத்துப்போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் துணியைக்கூட எடுக்காமல் கரையேறிவிட வேண்டும். மாடு எதிர்க்கரையில் இருந்தாலும் அவர் கடக்க மாட்டார், வெள்ளம் வடியும் வரை காத்திருப்பார். இந்தப் பொறுமையைத்தான் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குச் சாயங்காலம் பிடிக்க வேண்டிய பஸ் இருக்கிறது.

ஆகவே பாதைக்கு ஒன்றோ இரண்டோ குளிக்கிற துறைகளைப் பட்டிக்காரர்களோடு பார்த்து முடிவு செய்யுங்கள். கயிறும் மிதவையும் அங்கே இருக்கட்டும், நீந்தத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் கரையில் நிற்கட்டும், மேல் மலையில் மழை என்று தகவல் வந்தால் அன்றைக்குத் துறையை மூடிவிடுங்கள், முன்பதிவு செய்தவர் சண்டை போட்டாலும் பரவாயில்லை. சோப்பு, ஷாம்பு இரண்டையும் அடியோடு தடை செய்யுங்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே போடி ஊர் குடிக்கிற தண்ணீர், மாடும் மானும் குடிக்கிற தண்ணீர். மதுப் பாட்டிலோடு வருகிறவனை நடக்கவே விடாதீர்கள், உடைந்த பாட்டில் துறையில் கிடந்தால் முதலில் கிழிபடுவது மாட்டுக் குளம்புப் பிளவும் வெறுங்காலோடு நடக்கிற மேய்ச்சக்காரர் பாதமும்தான்.

வருமானப் பங்கைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதை எந்தப் பட்டிகளின் மேய்ச்சல் வழியாகப் போகிறதோ அந்தப் பட்டிக்காரர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி போகட்டும், அது தடுப்பூசிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உண்ணிச்செடி வெட்டுவதற்கும் செலவாகட்டும். ஆனால் இந்தக் காசு மேய்ச்சல் உரிமைக்கு மாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாட்டை விற்றுவிட்டு வழிகாட்டியாக வா என்று சொல்வது உதவி ஆகாது. மாடு இருந்தால்தான் அவர் மேய்ச்சக்காரர், மாடு போனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே தலைமுறையில் கதையாகிவிடும். புலிகள் காப்பகத்துக்கு வெளியே இருக்கிற காடுகளில் அனுமதிச் சீட்டைத் தாமதமில்லாமல் கொடுங்கள், உள்ளே இருக்கிற பழைய பட்டிகளைப் பொறுத்தவரை வன உரிமைச் சட்டப்படி வருகிற மனுக்களைக் கிராம சபையோடு உட்கார்ந்து பாருங்கள், நீதிமன்றத்தில் அரசு சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. சென்னையில் ஒரு கருத்தரங்கு, ஒரு மலர் என்று இதை முடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாதையில் முதலில் செய்து பாருங்கள், குரங்கணி – சாம்பலாறே இருக்கட்டும். அடுத்த பயிற்சி வகுப்பைக் குரங்கணியில் வையுங்கள், காலை நேரம் வேண்டாம், மாடு பட்டியில் அடைந்த பிறகு சாயங்காலம் வைத்தால்தான் அவர்களால் வர முடியும். தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் கொட்டகுடி, முந்தல் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு நான் நேரில் போய்ச் சொல்லிக் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
போடிப் பக்கத்திலிருந்து ஒரு மலையேறி